‘நெசமால?’ — பதின்வயதுப் பிள்ளைகளும் ஃபார்வேர்டு பொய்களும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்கள், ஊர்ப்புற நூலகர்கள், வீட்டில் அந்த வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறிப்பு. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. கண்ணில் படுகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

எல்லாக் கோளாறுக்கும் ஒரே சொற்பொழிவைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஏமாந்து அனுப்புகிற பிள்ளை ஒரு வகை. பொய் என்று தெரிந்தும் அனுப்புகிற பிள்ளை இன்னொரு வகை. எதைக் காட்டினாலும் ‘ஃபேக்கு சார்’ என்கிற பிள்ளை மூன்றாவது வகை. முதலாமவனுக்குச் சொல்லும் ‘எதையும் நம்பாதே’ என்ற பாடம் மூன்றாமவனின் நோயை முற்ற வைக்கும். ‘தீர விசாரிப்பதே மெய்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கும் விசாரிக்கத் தெரிந்துவிடாது. எந்த இடத்தைத் தட்டுவது, எத்தனை நிமிடம் செலவழிப்பது, எங்கே நிறுத்துவது என்பதைக் கையால் செய்து காட்ட வேண்டும்.

தேவையானவை: ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம். நான்கு பேருக்கு ஒரு ஃபோன். ஆறு செய்திகள், அவற்றில் மூன்று உண்மை, மூன்று பொய். பள்ளியில் ஃபோனுக்கு அனுமதி இல்லையென்றால் செய்திகளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, தேடுவதை மட்டும் ஆசிரியரின் ஒரே ஃபோனில் எல்லோரும் பார்க்கச் செய்யலாம். உண்மையும் பொய்யும் சரிபாதியாக இருப்பது முக்கியம். ஏன் என்று கீழே வரும்.

‘எல, நாளைக்கு லீவாம்ல!’

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தாலே இரவு ஒன்பது மணிக்கு ஆட்சியர் கையெழுத்தோடு ஒரு விடுமுறை அறிவிப்பு வகுப்பு குழுவுக்கு வந்துவிடும். பாதி நேரம் அது போன வருடத்துத் தாள். முதல் வகுப்பை இதிலிருந்து தொடங்குவதே நல்லது. இதில் ஏமாறாத பிள்ளை கிடையாது, ஏமாந்ததைச் சொல்ல வெட்கமும் கிடையாது. அரசியல் செய்தியிலிருந்து தொடங்கினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே வகுப்பு கட்சி பிரிந்துவிடும்.

தாளில் பார்க்க வேண்டியவை:

மாவட்டம் எது? தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. ‘திருநெல்வேலி மாவட்டம், தென்காசி வட்டம்’ என்று ஒரு தாள் சொன்னால் அது அதற்கு முந்தைய தாள். தூத்துக்குடி பிரிந்தது 1986-ல். மழை விடுமுறையை வழக்கமாக ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அந்தந்த ஆட்சியர் தனியாகத்தான் அறிவிப்பார். ‘தென் மாவட்டங்கள் அனைத்துக்கும்’ என்று ஒரே ஆட்சியரின் பெயரில் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா? தேதியை மாற்றுகிறவன் கிழமையை மாற்ற மறந்துவிடுவான். ஃபோன் நாட்காட்டியில் பார்க்கப் பத்து விநாடி போதும்.

பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா? அறிவிப்பில் இது வழக்கமாக இருக்கும். மழை பெரிதாக இருந்தும் கல்லூரிக்கு விடுமுறை இல்லாமல் போவதுண்டு. ‘கல்வி நிலையங்கள்’ என்று பொதுப்படையாக மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம்.

இதற்கு மேல் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. தாளை மூடிவிட்டு மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் இரண்டாவது முறை சறுக்குவார்கள். அதே பெயரில், அதே புகைப்படத்தோடு யாரோ நடத்துகிற பக்கத்தைத் திறந்துவிட்டு ‘பாத்தாச்சு சார், இருக்கு’ என்பார்கள். ஃபேஸ்புக் தேடலில் பெயரைப் போட்டுப் போகாமல், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் (திருநெல்வேலி டாட் என்ஐசி டாட் இன்) தொடங்கி அங்கிருந்து போகச் சொல்லுங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, பெயர் எத்தனை முறை மாறியது என்பது ஃபேஸ்புக்கின் ‘பக்கத்தின் வெளிப்படைத்தன்மை’ பகுதியில் கிடைக்கும். நேற்றுவரை மீம்ஸ் பக்கமாக இருந்தது இன்று ஆட்சியர் பக்கம் ஆகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

டிவி சேனலின் நியூஸ் கார்டு வடிவில் வருவதும் இதே வகைதான். லோகோவையும் பின்னணியையும் அப்படியே வைத்து எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். எழுத்துரு மாறியிருக்கும், வரி இடைவெளி பிசகியிருக்கும். ஆனால் எழுத்துப்பிழையை வைத்து முடிவு கட்டச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் உண்மையான சேனல்காரர்களும் ணகர னகரத்தைக் குழப்புகிறார்கள். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில், அந்தத் தேதியில், அந்தக் கார்டு இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

‘வீடியோவே இருக்கு, பெறகென்ன?’

கண் பார்த்ததை மனம் நம்பிவிடும். வீடியோ பொய்யாக இருப்பதைவிட, வீடியோ உண்மையாகவும் அதன் தலைப்பு பொய்யாகவும் இருப்பதுதான் மிக அதிகம். எந்த ஊர், எந்த வருடம், அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்பதை வெட்டி எறிந்துவிட்டு ஒரு துண்டை மட்டும் அனுப்புவார்கள்.

2018-ல் பரவிய பிள்ளை பிடிப்பவர் வீடியோவை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் பைக்கில் வந்து தெருவில் விளையாடுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி அது. பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, விழிப்புணர்வு வாசகம் ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வருடம் மே மாதம், இத்தகைய வதந்திகள் பரவிக்கிடந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. இதைச் சொன்ன பிறகு வகுப்பில் கொஞ்சம் அமைதி வரும். அதை உடனே பேச்சால் நிரப்ப வேண்டாம்.

பிறகு கைவேலை. வீடியோவை மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைப்பலகையோ வண்டி எண்ணோ சீருடையோ தெரிகிற இடத்தில் ஒன்று. மேலும் கீழும் ஒட்டியிருக்கிற எழுத்துப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும், படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போட வேண்டும். பட்டையை வெட்டாவிட்டால் லென்ஸ் அந்த எழுத்தையே தேடிக்கொண்டு வந்து நிற்கும். இதே வீடியோவின் பழைய பதிவு கிடைத்தால், ‘நேற்று நடந்தது’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலான வகுப்புகள் சோர்ந்துபோவது இங்கேதான். காரணங்கள் மூன்று. ஒன்று, படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள். பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தால் கேலரியில் திருப்பிப்போட்டு மறுபடி தேடுங்கள். இரண்டு, வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறியதில் படம் மங்கியிருக்கும். முகத்தையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு, கோபுரம், பாலம், பேருந்தின் நிறம் என்று பெரிய உருவம் உள்ள பகுதியை மட்டும் வெட்டித் தேடுங்கள். மூன்று, லென்ஸ் சட்டை விற்கிற கடைகளைக் காட்டும். அப்போது படத்தோடு ‘வெள்ளம்’, ‘விபத்து’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துப் போட வேண்டும். அப்படியும் ஐந்து நிமிடத்தில் எதுவும் அகப்படவில்லையென்றால் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள். தெரியாததை அனுப்பாமல் இருந்தால் போதும். எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைகளுக்கு இல்லை.

படத்தின் உள்விவரத்தைப் பார்த்து எடுத்த தேதியைக் கண்டுபிடிக்கலாம் என்று சில பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வருவார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தங்கும். அதனால் ஃபார்வேர்டு படத்தில் அதைத் தேடுவது வெட்டி வேலை.

சரிபார்க்கத் தெரியும், ஆனாலும் முதலில் அனுப்பிவிடுகிறான்

தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் வாங்குவான். அன்று மாலையே குழுவில் ஒரு பொய்யைத் தள்ளிவிட்டிருப்பான். இவனுக்கு இன்னொரு பாடம் எடுப்பதில் பயனில்லை. எந்தக் குழுவிலும் முதலில் சொன்னவனுக்குத்தான் மரியாதை, அந்த மரியாதைக்காகத்தான் அனுப்புகிறான்.

அதனால் அவனுடைய கையைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிற வழிகளைப் பாருங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகம் மற்றும் தரவு’ என்ற பகுதியில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு வீடியோவையும் தட்டித்தான் திறக்க வேண்டிவரும். சின்னத் தடைதான், ஆனால் வேலை செய்யும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது’ என்று இருந்தால், அது ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்த செய்தி. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். அந்தக் குறி இல்லாததால் புதுச் செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. நகலெடுத்து ஒட்டினாலும், கேலரியில் சேமித்து மறுபடி அனுப்பினாலும் குறி போய்விடும். வதந்தி வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

மரியாதையை வேறு பக்கம் திருப்புவது இன்னும் நல்ல வழி. வகுப்பு குழுவில் வாரத்துக்கு இருவரை ‘சரிபார்ப்பவர்’ ஆக்கிப் பார்க்கலாம். அடிக்கடி தவறி அனுப்புகிற பையனுக்கே முதல் வாரத்தைக் கொடுங்கள். முதலில் சொல்கிற அவனுடைய ஆசை அப்படியே இருக்கும். ‘இது பழசு’ என்று முதலில் சொல்லத் தொடங்கிவிடுவான்.

‘எல்லாமே ஃபேக்கு சார்’

ஏமாறுகிற பிள்ளையைவிட இந்தப் பிள்ளையைத் திருப்புவது கடினம், ஏனென்றால் இவன் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியர்களே உண்டாக்குகிற நோய் இது. பத்துச் செய்தியைக் காட்டிப் பத்தும் பொய் என்று நிரூபித்தால், பதினொன்றாவது வரும்போது படிக்காமலே ‘பொய்’ என்று சொல்லக் கற்றுக்கொள்வான். சரிபாதி உண்மை வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மதிப்பெண் போடும்போதும் இதைப் பார்க்க வேண்டும். ஆறு செய்திக்கும் ‘பொய்’ என்று எழுதியவனுக்கு மூன்று சரி வரும், பாதி மதிப்பெண் போல் தெரியும். அதனால் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று, பொய்யைப் பொய் என்று கண்டது, மூன்றுக்கு எத்தனை. இன்னொன்று, உண்மையை உண்மை என்று ஏற்றது, மூன்றுக்கு எத்தனை. இரண்டாவது கட்டத்தில் சுழியம் வாங்குகிறவன்தான் இந்தத் தலைப்புக்கு உரியவன்.

இவனுக்கு ஏற்ற முதல் செய்தி நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. ‘காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை’. யாரோ சுழியத்தைக் கூட்டிப் போட்டதுபோலத்தான் இருக்கும், ஆனால் உண்மை. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவான அளவு. மழைமானியை தினமும் காலை 8.30-க்குப் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று விடிகாலையில் வந்த எண்ணுக்கும் பிறகு வந்த எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், யாரும் பொய் சொன்னதாக ஆகாது. பார்த்த நேரம் வேறு, அவ்வளவுதான். கள்ளக்கடல் எச்சரிக்கையும் இதே ரகம். காற்றே இல்லாமல், வானம் வெளுத்துக் கிடக்கும்போது கடல் ஏறிவரும் என்றால் கதைபோல இருக்கும். ஆனால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் அந்த எச்சரிக்கையை உண்மையாகவே கொடுக்கிறது. தொலைதூரக் கடலில் எழும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து கரைக்கு வருவதுதான் காரணம். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அவர்களையே விளக்கச் சொல்லிவிடலாம்.

அடுத்த படி கொஞ்சம் நுட்பமானது. மேல்வகுப்புக்கு மட்டும் கொடுங்கள். 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் என்று பேச்சு கிளம்பியது. 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகமே, தன் கணினி ஒன்றில் தீங்கு நிரல் (மால்வேர்) கண்டறியப்பட்டது உண்மை என்று அறிவித்தது. ‘பாத்தியளா, கவர்மென்ட்டே பொய் சொல்லிருக்கு’ என்று இந்தப் பையன் குதிப்பான். குதிக்கட்டும். அப்புறம் இரண்டு அறிக்கைகளையும் வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். முதலாவது மறுத்தது நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் மீதான தாக்குதலை. இரண்டாவது ஒப்புக்கொண்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கணினியை. கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் அது சொன்னது. எனவே ‘அணு உலையை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்ற ஃபார்வேர்டும் தவறு, ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று புரிந்துகொண்டதும் தவறு. எந்த மறுப்பைப் படித்தாலும் ‘இவர்கள் மறுப்பது சரியாக எதை?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘எல்லாமே ஃபேக்கு’ என்ற வாய்ப்பாடு தேவைப்படாது.

தகவல் சரிபார்க்கும் தளங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) சரிபார்ப்புப் பிரிவும் அரசுத் திட்டம் பற்றிய போலி அறிவிப்புகளுக்கு வேகமாகப் பதில் தரும். அரசின் மீதே குற்றச்சாட்டு என்றால் அரசின் பதிலோடு நிற்காமல், வேறு இரண்டு செய்தி நிறுவனங்கள் என்ன சொல்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘யார் சொன்னா?’ என்றால் தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைக் காட்டுகிறாள்

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் கோளாறு இது. புதிய தளம் ஒன்றைத் திறந்தால் அதற்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அழகாக இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லை, முகவரி இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதிய நற்சான்றிதழுக்கு என்ன மதிப்பு? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களையும் ஒரே தளங்களைப் பார்க்க வைத்தார்கள். பேராசிரியர்களிலேயே பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் தளத்துக்குள் அதிக நேரம் இருக்கவே இல்லை. உடனே வெளியே வந்து, வேறு தாவல்களில் (டேப்) அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சம்பந்தம் பேசப் போகும்போது மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மாட்டோம் இல்லையா, தெருமுனைக் கடையில்தான் விசாரிப்போம். வகுப்பில் இந்த ஒப்புமை ஒன்றே போதும்.

‘அணை உடைஞ்சிருச்சு’ ஆடியோ

பெயர் சொல்லாத ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, ‘பொதுப்பணித்துறையில வேல பாக்குத என் மச்சான் சொன்னான்’ என்று தொடங்கும். கேட்க வேண்டியவை மூன்று: பேசுகிறவர் யார், எந்த அணை, எப்போது பதிவு செய்தது. மூன்றுக்கும் விடை இல்லாத ஆடியோவை நகர்த்தக் கூடாது.

கூடவே கொஞ்சம் அணைப் பாடமும் வேண்டும். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த எண்கள் தெரிந்த பிள்ளை, ‘பாபநாசம் 160 அடி தாண்டிவிட்டது’ என்ற செய்தியை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவாள். உபரிநீர் திறப்பது என்பது அணை பத்திரமாக இருப்பதற்காகச் செய்வது, உடைவது அல்ல. அடி என்பது நீர்மட்டம். கனஅடி என்பது தண்ணீரின் அளவு, ‘வினாடிக்கு இத்தனை கனஅடி’ என்றால் ஒரு வினாடியில் போகிற தண்ணீர். பல ஃபார்வேர்டுகள் இந்த இரண்டையும் குழப்பியே பயமுறுத்தும்.

இங்கே மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. தாமிரபரணிக் கரையில் வீடு இருந்து, தண்ணீர் ஏறிக்கொண்டும் இருந்தால், சரிபார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கச் சொல்லாதீர்கள். ஆச்சியையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நகர்வதற்குச் சந்தேகமே போதும். பரப்புவதற்கு உறுதி வேண்டும். ஏறிய பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். மாநில எண் 1070.

வீட்டுக் குழுவில் திருத்தப் போய்ச் சண்டை

பெரியப்பா காலை வணக்கத்தோடு ஒரு மருத்துவக் குறிப்பு போடுகிறார். பிள்ளை, கற்ற வித்தையைக் காட்டும் உற்சாகத்தில், எல்லோர் முன்னாலும் ‘இது ஃபேக்கு’ என்று போட்டுவிடுகிறது. அப்புறம் பேச்சு செய்தியைப் பற்றி இருக்காது, வளர்ப்பைப் பற்றி இருக்கும்.

குழுவில் பதில் போடக் கூடாது, தனியாக அனுப்ப வேண்டும். ‘பொய்’ என்ற சொல்லை எடுக்க வேண்டாம். இப்படி எழுதலாம்: ‘பெரியப்பா, காலைல நீங்க போட்டத நானும் பாத்தேன். இது பழைய வீடியோ போல, அப்பமே இல்லன்னு சொல்லிட்டாவ. இந்த லிங்க்ல இருக்கு, நேரம் கெடச்சா பாருங்க. நீங்களே குழுவுல ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லாருக்கும்.’ கடைசி வரி முக்கியம். திருத்துகிற பெருமை அவருக்கே போகட்டும். உடல்நலக் குறிப்பாக இருந்து, யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் இந்த நாகரிகத்துக்கெல்லாம் காத்திருக்காமல் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், டாக்டரிடமும் கேட்க வைக்க வேண்டும்.

விளக்கம் எழுதும்போது உண்மையை முதல் வரியில் வைக்கச் சொல்லுங்கள். பொய்யைத் தலைப்பாகப் போட்டு அடியில் மறுத்தால், தலைப்பு மட்டும் படிக்கிறவர் மனதில் பொய்தான் தங்கும். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலப் படத் தொடங்கும் என்பது 1977-லேயே சோதித்துப் பார்த்த சங்கதி.

சாதி ஸ்டேட்டஸ், சாதி எடிட்

நம்ம பக்கத்தில் இதைத் தொடாமல் ஊடகப் பாடம் எடுத்தால் அது அரைகுறைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த வன்முறைக்குப் பிறகு, மாணவர்களிடையே சாதி உணர்வு பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு அமர்த்தியது. அவரது அறிக்கை 2024 ஜூனில் வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுவரை அதில் பேசப்பட்டிருக்கிறது. கயிறு இப்போது பாதி ஃபோனுக்குள் போய்விட்டது. பாட்டு, வண்ணம், அரிவாள் படம், ‘நம்ம பசங்க’ என்று ஒரு வரி.

இங்கே இரண்டு பொருள் கலந்திருக்கும். ஒன்று பெருமை. அதைச் சரிபார்ப்புக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது, ஆசிரியரும் ஆலோசகரும் நீண்ட நாள் பேச வேண்டிய வேலை. மற்றொன்று பொய்த் தகவல். எங்கோ எப்போதோ நடந்த அடிதடியை ‘நேற்று நம்ம ஊர்ல’ என்று போடுவது. இதற்கு மேலே சொன்ன மூன்று ஸ்கிரீன்ஷாட் முறையே போதும், ஆனால் வகுப்பில் எல்லோர் முன்னும் செய்யக் கூடாது. போட்ட பையனோடு தனியாக, அவன் கையாலேயே தேட வைக்க வேண்டும். வகுப்பில் உதாரணமாகக் காட்ட வேண்டுமானால் வேறு மாநிலத்தில் பரவிய வீடியோவை எடுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வட இந்தியாவில் பொய் வீடியோக்கள் பரவியதைக் காட்டலாம். நடக்காத ஒன்றுக்கு நாம் குற்றவாளி ஆக்கப்பட்ட சம்பவம் என்பதால், பொய்யின் வலி எல்லாப் பையன்களுக்கும் ஒரேபோல உறைக்கும்.

லேப்டாப் லிங்க், ரீசார்ஜ் லிங்க்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர்ப் பெயரைக் கெடுத்து, ஏமாற்றுவதற்கே ‘அல்வா கொடுப்பது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது அந்த ரகம். முகவரியை இடமிருந்து படிக்கக் கூடாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அதற்கு ஒட்டினாற்போல், முன்னால் ஒரு புள்ளியோடு (சிறுகோடு அல்ல), ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ இருந்தால் அரசுத் தளம். ‘டிஎன்-ஜிஓவி-லேப்டாப் டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்றால் முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது எவனோ வாங்கிய முகவரி. ‘பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் கிடைக்கும்’ என்று எந்த அரசுத் திட்டமும் கேட்காது. பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

ஏஐ படம், ஏஐ குரல்

விரல்களை எண்ணிப் பார், கண் சிமிட்டுகிறதா பார் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அவற்றைக் கற்பிப்பதை நிறுத்திவிடலாம். கருவிகள் அந்தப் பிழைகளைத் தாண்டி வந்துவிட்டன. விரல் சரியாக இருக்கிறது, ஆகவே உண்மை என்ற எதிர்ப்பாடத்தைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். படத்தை உற்றுப் பார்க்காமல் மூலத்தைத் தேடுவதே வழி. ஒரு முதலமைச்சரோ நடிகரோ அப்படிப் பேசியிருந்தால் பத்து கேமரா இருந்திருக்கும், ஒரே ஒரு இன்ஸ்டா பக்கத்தில் மட்டும் இருக்காது. சொந்தக்காரர் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால், துண்டித்துவிட்டு நாம் சேமித்து வைத்திருக்கிற எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அது ஃபேஸ்புக்கிலேயே இருக்கும்.

மாணவி ஒருத்தியின் படத்தை மார்ஃப் செய்து பரப்புகிறார்கள்

இது வகுப்புப் பயிற்சிக்கான பொருள் அல்ல. பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ‘ஆதாரத்துக்காக’ என்று ஆசிரியர்கள் அந்தப் படத்தைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றம். கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் இவற்றை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற எண், இரண்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையிடம் முதலில் பேசுகிறவர் ‘நீ ஏன் ஃபோட்டோ போட்ட?’ என்று தொடங்கக் கூடாது.

வகுப்பு நன்றாகப் போனது, மூன்று வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி

ஒரே ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து முடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். பீகாரில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்த முதல் ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. பின்னர் நூலகங்கள் வழியாக, பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பல அமர்வுகளாக நடத்தியபோது மாற்றம் வந்தது, மாதங்கள் கழித்தும் நின்றது. பெற்றோர்வரைகூடப் போனது.

ஆகவே ஒரே நாளில் நான்கு மணி நேரம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று 40 நிமிடம் வீதம் நான்கு வகுப்பு வைக்கலாம். முதலாவது விடுமுறைத் தாள், இரண்டாவது பழைய வீடியோ, மூன்றாவது 95 சென்டிமீட்டரும் கூடங்குளமும், நான்காவது வீட்டுக் குழு. இடைப்பட்ட வாரங்களில் ஒவ்வொருவரும் வீட்டில் வந்த ஒரே ஒரு ஃபார்வேர்டைச் சரிபார்த்து நான்கு வரியில் எழுதி வர வேண்டும்: என்ன சொன்னது, எங்கே தேடினேன், என்ன கிடைத்தது, அனுப்பினேனா இல்லையா. நோட்டில் கையால் எழுதினால் போதும். ஃபோனில் எழுதச் சொன்னால் ஒருவன் எழுதியதை நாற்பது பேர் ஃபார்வேர்டு செய்துவிடுவார்கள்.

நான்காவது வகுப்பு முடிந்து எட்டு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் புதிய ஆறு செய்தி கொடுங்கள். பழைய ஆறையே கொடுத்தால் நினைவைத்தான் சோதிப்பீர்கள். அதே இரண்டு கட்டம். முதல் கட்டம் ஏறி இரண்டாவது கட்டம் இறங்கியிருந்தால், அடுத்த பருவத்தில் ஆறில் நான்கை உண்மைச் செய்தியாக வைத்து மூன்றாவது வகுப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.